தறி இருந்தால் வீடு கடையாகிவிடுமா? ஒரு பேரூராட்சித் தீர்மானம் நடந்த வழி

2022 ஏப்ரலில் எங்கள் பேரூராட்சியில் கூடிய சிறப்புக் கூட்டத்துக்குப் பொருள் ஒன்றே ஒன்றுதான்: சொத்து வரிச் சீராய்வு. மன்றம் பதவியேற்று அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பதினைந்து வார்டு உறுப்பினர்களில் பெரும்பாலோர் கூட்டப்பொருள் தாளை வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் வாங்கியவர்கள். கூட்டம் அரை மணி நேரத்தில் முடிந்தது. அந்த அரை மணி நேரத்தில் ஒரு உறுப்பினர் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய ஓராண்டு ஆனது. முன்கூடத்தில் குழித்தறி போட்டிருக்கும் வீட்டை வீடு என்று எழுதுவதா, வணிகக் கட்டடம் என்று எழுதுவதா?

எங்கள் தெருவில் பாதி வீடுகளில் தறி உண்டு. நான் நெய்கிறவன் அல்ல. ஆனால் தறிச் சத்தத்தில் வளர்ந்தவன். இந்த விவகாரத்தில் மனு எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அதனால் இதை ஒதுங்கி நின்று பார்த்தவன்போல எழுத என்னால் முடியாது. கூட்டப்பொருள், அலுவலகக் குறிப்பு, தீர்மானம் எல்லாவற்றின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கினேன். மனுவில் 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், பக்கத்துக்கு 2 ரூபாய், அவ்வளவுதான் செலவு. ஊர் பெயரையும் ஆட்கள் பெயரையும் சொல்லவில்லை. பழைய வட ஆற்காட்டில், பாலாற்றிலிருந்து அதிக தூரம் இல்லாத ஒரு நெசவு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

யார் கையில் என்ன இருக்கிறது

வேலூர் பக்கத்து ஆட்களுக்கே இது குழப்பம்தான். 2019-இல் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்த பிறகு, வேலூர் மாவட்டத்தில் மிஞ்சியது ஒரு மாநகராட்சி, குடியாத்தம், பேரணாம்பட்டு என்று இரண்டு நகராட்சி, பள்ளிகொண்டா, ஒடுகத்தூர், பென்னாத்தூர், திருவலம் என்று நான்கு பேரூராட்சி. மற்றதெல்லாம் கிராம ஊராட்சிகள். வேலூர் 1866-இல் நகராட்சி ஆனது, 2008-இல் மாநகராட்சி ஆனது. அதனால் வேலூர்க்காரருக்கு நகராட்சி நிர்வாகம் பரம்பரைப் பழக்கம். பேரூராட்சிக்காரர் நிலை வேறு. பார்க்க ஊர் கிராமம் மாதிரியே இருக்கும், ஆனால் கிராம சபை கிடையாது, நூறு நாள் வேலையும் கிடையாது. பக்கத்து ஊராட்சியில் ஆண்டுக்குச் சில முறை மரத்தடியில் உட்கார்ந்து வரவு செலவு கேட்க முடிகிறது. எங்கள் ஊரில் அதற்கு இடமே இல்லாமல் இருந்தது.

பேரூராட்சியில் இரண்டு தலை. ஒன்று மன்றம்: வார்டுக்கு ஒருவராக மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பும் உறுப்பினர்கள், அவர்கள் தங்களுக்குள்ளேயே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தலைவர், துணைத் தலைவர். 2011-இல் தலைவரை நாமே நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2022-இல் அது மாறிவிட்டது. இன்னொரு தலை செயல் அலுவலர். அவர் அரசு ஊழியர். பேரூராட்சிகளின் உதவி இயக்குநர், அதற்கு மேல் இயக்குநரகம் என்று அவருக்குத் தனி வரிசை உண்டு. மன்றம் தீர்மானம் போடும், செயல் அலுவலர் நிறைவேற்றுவார் என்பது பாடப்புத்தக விளக்கம். நடப்பில், மன்றத்தின் முன் எந்தப் பொருள் வருகிறது, அதற்கான அலுவலகக் குறிப்பு எப்படி எழுதப்படுகிறது என்பது அலுவலகத்திலேயே முடிவாகிவிடும். குறிப்பை எழுதுகிறவர் கையில்தான் பாதித் தீர்மானம் இருக்கிறது.

சட்டமும் அடுக்கடுக்காகத்தான் இருக்கிறது. மேலே சட்டமன்றம் இயற்றிய சட்டம். 2022-இல் எங்களுக்கு அது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், ஆயிரம் திருத்தங்களோடு. அதன் கீழே அரசு போடும் விதிகள், அரசாணைகள். அதற்கும் கீழேதான் மன்றம் போடும் துணை விதிகளும் தீர்மானங்களும். துணை விதிக்கு அரசின் ஒப்புதல் வேண்டும். சாதாரணத் தீர்மானத்தையும் அரசு நினைத்தால் நிறுத்திவைக்கலாம், ரத்தும் செய்யலாம். 1992-இல் 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்து, பன்னிரண்டாம் அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியல் போட்டதெல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பணிகளில் எதை எவ்வளவு தருவது என்பதை மாநிலத்தின் கையிலேயே விட்டுவிட்டார்கள்.

மன்றத்துக்கு இடமில்லாத இடம் பெரியது, இடமுள்ள இடம் சின்னது. எங்கள் கதை முழுக்க அந்தச் சின்ன இடத்தில்தான் நடந்தது.

2018: மன்றமே இல்லாத காலம்

தறி வீடுகளின் சிக்கல் 2022-இல் பிறந்தது அல்ல. அதற்கு நான்கு வருடம் பின்னால் போக வேண்டும்.

2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் உயர் நீதிமன்ற உத்தரவால் நின்றது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு அடுத்த தேர்தல் வந்தது 2022 பிப்ரவரி 19-இல். இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. பேரூராட்சியில் செயல் அலுவலரே தனி அலுவலர். குறிப்பை வைப்பவரும் அவரே, அதற்குத் தீர்மானம் போடுபவரும் அவரே. எங்கள் ஊரில் அப்போது இருந்தவர் நேர்மையானவர், நல்ல மனிதர். குடிநீர் விஷயத்தில் ராத்திரி பத்து மணிக்கும் போன் எடுப்பார். ஆனால் அந்த ஐந்து வருடத் தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினால் ஒரு பக்கத்தில்கூட ஒரு கேள்வி இல்லை. கேட்க ஆள் இருந்தால்தானே கேள்வி பதிவாகும்.

2018 ஜூலையில் மாநில அரசு சொத்து வரியை உயர்த்தியது: குடியிருப்புகளுக்கு 50 சதவீதம் வரை, மற்றவற்றுக்கு 100 சதவீதம் வரை. அதற்காகக் கட்டடங்களை மறுபடி அளந்தார்கள். பில் கலெக்டர் டேப்பும் நோட்டும் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்தார். எங்கள் தெருவில் முன்கூடத்தில் தறியைப் பார்த்தார். கூடம் எத்தனை சதுர அடியோ அதை வணிகப் பயன்பாடு என்று எழுதிக்கொண்டு போனார். தொழில் நடக்கும் இடம், அதனால் குடியிருப்பு அல்ல என்பது அவர் கணக்கு.

2019 நவம்பரில் அரசு அந்த உயர்வையே நிறுத்தியது. கூடுதலாகக் கட்டிய பணத்தை அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்தார்கள். வரி பழையபடி ஆகிவிட்டது என்று ஊர் நிம்மதியானது. ஆனால் பதிவேட்டில் ஏறிய ‘வணிகம்’ என்ற அந்தச் சொல் அப்படியே உட்கார்ந்திருந்தது. தொகை இறங்கியது, பெயர் இறங்கவில்லை. இது எங்களுக்கு 2022 வரை தெரியாது. இந்த நிகழ்விலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: வரி விகிதத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், பதிவேட்டில் தன் வீட்டுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

அந்த அரை மணி நேரம்

2022 மார்ச் 2-இல் உறுப்பினர்கள் பதவியேற்றார்கள், 4-ஆம் தேதி தலைவர் தேர்வு நடந்தது. எங்கள் ஊரில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கீடு. ஏப்ரல் 1-இல் வரி உயர்வு அறிவிப்பு வந்துவிட்டது. சென்னை நீங்கலாகப் பெரும்பாலான ஊர்களுக்கு: 600 சதுர அடிக்குள் இருக்கும் குடியிருப்புக்கு 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100. வணிகக் கட்டடத்துக்கு நேராக 100. தொழிற்சாலை, தனியார் கல்வி நிறுவனங்களுக்கு 75.

ஏன் அவ்வளவு அவசரம் என்பதற்கும் காரணம் இருந்தது. மத்தியில் அமைத்த பதினைந்தாவது நிதி ஆணையம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்துக்கு நிபந்தனை போட்டிருந்தது. சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வசூலும் வளர வேண்டும் என்று. எங்கள் ஊர் வருமானம் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், வாரச்சந்தைக் குத்தகை, பஸ் ஸ்டாண்டு கடை வாடகை. இதை வைத்துச் சம்பளம் கொடுக்கலாம், தெருவிளக்கு எரியவிடலாம். சாலை, கால்வாய் என்றால் மானியம் வந்தால்தான் உண்டு. தீர்மானம் நிறைவேறாவிட்டால் மானியம் நிற்கும் என்று செயல் அலுவலர் மன்றத்தில் சொன்னது மிரட்டல் அல்ல, உள்ளது அதுதான்.

பொருள் படிக்கப்பட்டது. அரசாணைப்படி வரியைச் சீராய்வு செய்யும் உத்தேசத்தை விளம்பரம் செய்து ஆட்சேபணை கேட்கலாம் என்பது அதன் சாரம். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இருவர் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு வெளியே போனார்கள். அந்த மாதம் மாநிலம் முழுக்கப் பல மன்றங்களில் நடந்ததுதான். மீதிப் பேர் கை தூக்கப் போகும் நேரத்தில் எங்கள் வார்டு உறுப்பினர் எழுந்தார். அவர் மாமியார் இன்றும் தறியில் உட்காருகிறவர். “தலைவர் அவர்களே, தறி போட்ட வீடு இதில் எந்தக் கணக்கில் வரும்?” என்று கேட்டார். செயல் அலுவலர் கோப்பைப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் எப்படி இருக்கிறதோ அப்படி என்றார். உறுப்பினர் விடவில்லை. பதிவேட்டில் எப்படி இருக்கிறது என்று மறுபடி கேட்டார். பார்த்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது. தீர்மானம் நிறைவேறியது.

அந்தக் கேள்வி மினிட் புத்தகத்தில் ஒரு வரியாக ஏறியிருக்கிறது. “ஆல் பாஸ்” என்று எழுதி மூடிவிடும் பழக்கம் பல ஊர்களில் உண்டு. எங்கள் ஊர் எழுத்தர் அன்றைக்கு அந்த ஒரு வரியையும் எழுதி வைத்தார். பிறகு நடந்ததெல்லாம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நடந்ததுதான். அவருக்கு நான் நன்றி சொல்லக் கடமைப்பட்டவன்.

முப்பது நாள்

வரி விகிதத்தை உயர்த்தும் முன், அந்த உத்தேசத்தை விளம்பரப்படுத்த வேண்டும், ஆட்சேபணை சொல்ல ஒரு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும், வந்த ஆட்சேபணைகளை மன்றம் பரிசீலிக்க வேண்டும் என்று பழைய 1920 சட்டமே சொல்கிறது. விளம்பரம் நாளிதழில் வந்தது, அலுவலகப் பலகையிலும் ஒட்டினார்கள். ஊரில் அதைப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம். டீக்கடையில் எல்லோரும் வரியைத் திட்டினார்கள். ஒருவர்கூட ஒரு தாள் எடுத்து எழுதவில்லை.

சரி, என்னதான் எழுதியிருக்கிறது பார்ப்போம் என்று வார்டு உறுப்பினரும் நானும் பில் கலெக்டரிடம் போனோம். அவர் மறைக்கவில்லை. எந்த வீடு எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும் கேட்புப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். வரிசையாகத் தறி வீடுகளுக்கு நேரே முன்கூடம் மட்டும் வணிகம். சிலவற்றில் முழு வீடுமே வணிகம்.

அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். அரையாண்டுக்கு 300 ரூபாய் கட்டும் 900 சதுர அடி வீடு. குடியிருப்பு என்றால் 50 சதவீதம் ஏறி 450. வணிகம் என்றால் 600. போதாதற்கு, வணிகக் கட்டடத்துக்குச் சதுர அடி அடிப்படை மதிப்பே கூடுதல், அதனால் அந்த 300 தொடக்கத்திலேயே கூடியிருக்கும். முதலாளி கொடுக்கும் பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் இழை), நூல் இரண்டையும் வாங்கிக் கூலிக்கு லுங்கி நெய்யும் குடும்பத்துக்கு இது சின்னத் தொகை அல்ல. எதிர் வீட்டு அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, தறிய எடுத்துட்டா வீடுன்னு எழுதிடுவாங்களா?” என்று கேட்டார். அந்தத் தறிக்குழியை வெட்டியது அவர் மாமனார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

மனு எழுதுவதில் முதலில் ஒரு தப்பு செய்தோம். வரி உயர்வையே ரத்து செய்ய வேண்டும் என்று பொதுவாக ஒரு மனு, கீழே ஏராளமான கையெழுத்து. ஓய்வு பெற்ற பேரூராட்சி ஊழியர் ஒருவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். சதவீதம் அரசாணையில் இருக்கிறது, மன்றத்தால் அதைத் தொட முடியாது, தொட முடியாததைக் கேட்டால் ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்றார். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி மனுவாக எழுதச் சொன்னார். வரிவிதிப்பு எண், வீட்டின் மொத்தப் பரப்பு, தறி இருக்கும் இடத்தின் பரப்பு, அந்தக் கூடத்துக்குத் தனி வாசல் உண்டா, இரவில் அங்கே யார் படுக்கிறார்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம் என்றார். தறிக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுக்கும் வீடு எப்படி வணிகக் கட்டடம் ஆகும்?

அப்புறம் ஒரு வாரம் வீடு வீடாகப் போய் அளந்தோம். அளக்கும்போதுதான் பில் கலெக்டரின் பழைய அளவே சில வீடுகளில் தப்பு என்று தெரிந்தது. ஓர் இடத்தில் தாழ்வாரத்தை இரண்டு முறை சேர்த்திருந்தார்கள். இன்னொரு வீட்டில் 2015 மழையில் இடிந்த பின்கட்டு பதிவேட்டில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. எல்லா மனுவையும் நேரில் கொடுத்து, இரண்டாவது பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கினோம். சிலர் மனு கொடுக்கப் பயந்தார்கள். மனு கொடுத்தால் புதிதாக அளப்பார்கள், மாடியில் போட்ட ஷீட் கொட்டகை கணக்கில் ஏறும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன்.

இறுதித் தீர்மானம்

ஆட்சேபணைக் காலம் முடிந்து மன்றம் மறுபடி கூடியபோது, அலுவலகக் குறிப்பின் முதல் வரைவில் எங்கள் மனுக்கள் எல்லாம் ஒரே வாக்கியத்தில் முடிந்திருந்தன: அரசாணைக்கு உட்பட்டது என்பதால் ஏற்க இயலாது என்று. வார்டு உறுப்பினர் கூட்டத்துக்கு முன்பே தலைவர் வீட்டுக்குப் போய், “அக்கா, இது சதவீதத்தைப் பத்தின மனு இல்ல, படிச்சுப் பாருங்க” என்று பிரதிகளைக் கொடுத்துவிட்டு வந்தார். தலைவர் படித்தார். கூட்டத்தில் செயல் அலுவலரிடம் தலைவர் கேட்டது ஒரு கேள்விதான்: விகிதத்தை மாற்றச் சொல்கிறார்களா, பதிவேட்டுப் பிழையைத் திருத்தச் சொல்கிறார்களா?

செயல் அலுவலர் சொன்ன சட்ட நிலை இது. தனிப்பட்ட கட்டடத்துக்கு வரி விதிப்பது நிர்வாகத்தின் வேலை. ஒரு வீட்டை இப்படித்தான் எழுத வேண்டும் என்று மன்றம் தீர்மானம் போட்டு உத்தரவிட முடியாது. வரி அதிகம் என்று நினைப்பவர், உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கும் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். அவர் சொன்னது சரிதான். அன்றைக்கு அவர்மேல் கோபமாக இருந்தேன். இப்போது யோசித்தால், அந்தக் கோடு இருப்பது நல்லது என்றே படுகிறது. வேண்டியவன் வீட்டுக்குக் குறைத்து, வேண்டாதவன் வீட்டுக்கு ஏற்றும் அதிகாரம் மன்றத்திடம் இருந்தால் ஊர் தாங்காது.

கடைசியில் தீர்மானம் இரண்டு பகுதியாக நிறைவேறியது. விகிதங்கள் அரசாணைப்படி அப்படியே ஏற்கப்பட்டன. பயன்பாட்டு வகை, பரப்பு குறித்து எழுத்து மூலம் வந்த ஆட்சேபணைகளில் மட்டும், புதுக் கேட்பு நோட்டீஸ் கொடுக்கும் முன் நேரில் ஆய்வு செய்யும்படி அலுவலகத்தை மன்றம் கேட்டுக்கொண்டது. அதிலும் தீராதவை மேல்முறையீட்டுக் குழுவுக்கு. “உத்தரவிடுகிறது” என்று எழுதவில்லை, “கேட்டுக்கொள்கிறது” என்று எழுதினார்கள். அந்த ஒரு சொல்லால்தான் மேலே யாருக்கும் ரத்து செய்யக் காரணம் இல்லாமல் தீர்மானம் நின்றது.

நேரில் ஆய்வு முடிய அடுத்த ஆண்டு ஆகிவிட்டது. தனி வாசல் இல்லாமல், குடும்பமே நெய்து குடும்பமே படுத்துறங்கும் முன்கூடங்கள் குடியிருப்பாக மாறின. பின்பக்கம் தனிக் கொட்டகை போட்டு, நான்கைந்து தறியில் கூலிக்கு ஆள் வைத்திருப்பவை வணிகமாகவே நின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. எனக்கு இன்னும் ஆறாதது ஒரு வீடு. கணவரை இழந்த ஒரு பெண் தன் முன்கூடத்துத் தறியை மட்டும் பக்கத்துத் தெருக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். வாடகை வருகிறது, ஆகவே வணிகம் என்று முடித்தார்கள். மேல்முறையீட்டுக் குழுவும் அதையே சொன்னது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். அந்த வாடகையில்தான் அவர் அரிசி வாங்குகிறார்.

இதற்கிடையில் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளில் நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராம சபை இல்லாத ஊருக்கு அது பெரிய விஷயம். 2023 ஏப்ரல் 13 முதல் பழைய 1920 சட்டம் போய், 1998-இல் இயற்றி இத்தனை காலம் காத்திருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. புத்தகம் புதிது. எங்கள் தெருவுக்கு வரும் பில் கலெக்டர் அதே ஆள்தான்.

2022 அரசாணையிலேயே ஆண்டுதோறும் 6 சதவீதமோ, மாநில உற்பத்தி மதிப்பின் ஐந்தாண்டு சராசரி வளர்ச்சியோ, எது அதிகமோ அந்த அளவுக்கு வரி ஏறும் என்று இருந்தது. 2024-இல் அந்த 6 சதவீதம் வந்தபோதுதான் பதிவேட்டுச் சொல்லின் கனம் ஊருக்குப் புரிந்தது. ஒரே சுவரைப் பகிரும் இரண்டு வீடு, ஒரே அளவு, இரண்டிலும் ஒரே தறி. 2022-இல் மனு கொடுத்த வீட்டுக்கு 450 ரூபாய் 477 ஆனது. மனு கொடுக்காத வீட்டுக்கு 600 ரூபாய் 636 ஆனது. 150 ஆக இருந்த வித்தியாசம் 159. அடுத்த முறை ஏறினால் அதுவும் சேர்ந்து ஏறும்.

மனு கொடுக்காத அந்த வீட்டுப் பாட்டி தனியாக இருக்கிறார். மகன் பெங்களூரில். போன மாதம் அவருக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நடப்பு அரையாண்டுக் கேட்பைக் கட்டி ரசீது வைத்துக்கொண்டு கொடுங்கள் என்று பில் கலெக்டர் சொன்னார், அப்படியே செய்தோம். “கூடத்தில் இரவில் படுப்பவர்” என்ற இடத்தில் யார் பெயர் எழுதட்டும் என்று கேட்டேன். “நான்தான்பா, தறிக்குப் பக்கத்துல” என்றார். அதை எழுதி, அவர் கைநாட்டு வைத்து, இரண்டாவது பிரதியில் முத்திரை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். அதை மடித்து ரேஷன் கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டார். ஆய்வுக்கு இன்னும் ஆள் வரவில்லை.